கிலோமீட்டருக்குப் பத்து மெத்தை

சர்வேயரைப் பற்றி அந்தத் தெருவில் பல பேச்சு உண்டு. எதிரே வந்து நின்றால் முகம் பார்த்துப் பேசுவார், பக்கத்தில் நின்றால் ஆளையே மதிக்கமாட்டார் என்பார்கள். வணக்கம் வைத்தால் பாதி நாள் பதில் வராது என்பார்கள். பொழுது சாய்ந்துவிட்டால் ராஜாவே கூப்பிட்டாலும் வாசல்படி தாண்டமாட்டார் என்பார்கள். இத்தனையையும் கூட்டித் "தலைக்கனம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். சர்வேயருக்கு அந்தச் சொல்லின் மேல் வருத்தம் கிடையாது. தலை கனக்கிறது என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்றுதானே பொருள்.

உண்மை வேறு. அது அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டுமே தெரியும். அவர்களும் அதைப் பற்றி ஒரு நாளும் வாய்விட்டுப் பேசியதில்லை. அவருக்கு நேரே இருப்பது நன்றாகத் தெரியும், இரண்டு பக்கமும் தெரியாது. இருட்டினால் எதுவுமே தெரியாது. காலமெல்லாம் ஒற்றைக் கண்ணைக் குழாயில் வைத்து நிலம் அளந்தவர். கடைசியில் கண்ணே குழாயாகிவிட்டது. ஓய்வு கொடுத்து அனுப்பியவர்கள் குழாயைத் திருப்பி வாங்கிக்கொள்ள மறந்துவிட்டார்கள் போலும் என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். அதற்கு மேல் யோசிக்கமாட்டார்.

யோசிக்க வேண்டிய அவசியத்தை மனைவி வைக்கவில்லை. வீட்டில் எந்த முக்காலியும் நடைபாதையில் நிற்காது. தண்ணீர் வைத்தால் நேர் எதிரே வைப்பாள். வெளியே போனால் அவருக்கு இடப்பக்கமாக, அரை அடி முன்னால் நடந்தபடி வழியெல்லாம் திட்டிக்கொண்டே வருவாள். "அந்தப் பக்கம் என்ன புதையலா இருக்கு? இப்படி வாங்க." "படின்னு ஒண்ணு இருக்கறது உங்க கண்ணுக்கு மரியாதைக் குறைவா?" "வண்டிக்காரன் பாவம், அவனுக்கும் பிள்ளைகுட்டி இருக்கு, ஒதுங்குங்க." அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு சர்வேயர் நிமிர்ந்த முதுகோடு நடப்பார். இந்த வயதிலும் கீரியும் பாம்புமாக இருக்கிறார்களே என்று தெரு அனுதாபப்படும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு முன்னால் பேத்தி வந்து நின்றாள். மகள் வயிற்றுப் பேத்தி, வயது பத்து. வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பா. பந்து பக்கத்தில் கிடக்கும், நாலு திசையும் தேடுவாள். சாயங்காலமானால் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பாள். கண் மருத்துவமனையில் காட்டினார்கள். அங்கே இருந்த ஆராய்ச்சி டாக்டர், கண்ணாடி போட்ட, அதிகம் சிரிக்காத பெண்மணி, விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டு வருகிறது என்றார். அடுத்தபடியாக, "இது பரம்பரையா வர்றது" என்றார்.

அந்த ஒரு சொல்லில் இரண்டு நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. ஒன்று சர்வேயருடையது. மற்றது சம்பந்தியுடையது.

சம்பந்தி மெத்தைக்கடை முதலாளி. உடம்பிலும் பேச்சிலும் பஞ்சு அதிகம். "எங்க பரம்பரையில அப்படி எதுவும் கிடையாது" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அதுதான் அவர்கள் கடைசியாக ஒத்துப்போன விஷயம். மீதியைக் கேட்க இருவரும் அறையில் இல்லை.

"எங்க குடும்பத்துல கோர்ட்டுப் படி ஏறினவன் கிடையாது. கடன் சொன்னவன் கிடையாது. கண்ணு கெட்டவன் மட்டும் எங்கிருந்து வருவான்?" என்றார் சர்வேயர், வீட்டுக்கு வந்து.

"அப்பா, ரெண்டு பக்கமும் இருந்தாத்தான் இந்த வகை வரும்னு டாக்டர் சொல்றாங்க" என்றாள் மகள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். எதையும் மூன்று வேளை சொல்லிப் பழகியவள்.

"பாதிப் பாதின்னு தீர்ப்புச் சொல்றவன் கேஸை ஒழுங்காப் படிக்காதவன்."

மெத்தைக்கடையிலும் ஏறக்குறைய இதே வசனம்தான். அன்றிலிருந்து சம்பந்திகள் பேசிக்கொள்ளவில்லை.

ஆனால் பேத்தி கையைத் துழாவிக்கொண்டு நடப்பதைப் பார்த்த ஒவ்வொரு முறையும் சர்வேயருக்கு ஒரு கேள்வி வரும். நிலம் இல்லை, நகை இல்லை. அவளுக்கென்று தான் எழுதி வைத்த சொத்து இது ஒன்றுதானா? இந்தக் கேள்வியை அவர் வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தார். அது போகவும் இல்லை.

மகள் சும்மா இருக்கவில்லை. பாப்பாவின் ரத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு எந்த இடத்தில் கோளாறு என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆராய்ச்சிக்குப் பணமும் போதவில்லை. "பணத்தையாவது ஊர்ல திரட்டலாம். குடும்பத்துல மூத்தவங்க யாருக்காவது இதே குறை லேசா இருந்து, அவங்க ஒரு ஊசி ரத்தம் கொடுத்தா எங்களுக்கு வழி பிறக்கும். அதை எங்க போய்த் திரட்டுறது?" என்றார் டாக்டர். மகள் இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். சமையலறையில் கரண்டிச் சத்தம் ஒரு நொடி நின்று, பிறகு தொடர்ந்தது.

பணத்துக்காக ஒரு நடைப்பயணம் ஏற்பாடாயிற்று. நடப்பவர்களுக்கு ஆதரவாளர்கள் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாக்குக் கொடுப்பார்கள். மருத்துவமனை வாசலில் தொடங்கி, கட்டடத்தைச் சுற்றி, பூங்கா வழியாகத் திரும்ப வாசலுக்கே வர வேண்டும். மொத்தம் இரண்டு கிலோமீட்டர்.

ஆதரவு கேட்டுப் போன இடத்தில்தான் சிக்கல். யார் அதிகம் கொடுக்கிறாரோ அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று இரண்டு வீட்டிலும் கையைக் கட்டிக்கொண்டார்கள். மகள் வளர்ந்த வீட்டையும் அறிவாள், புகுந்த வீட்டையும் அறிவாள். அப்பாவிடம், "ஊர்வலத்துக்கு முன்னால நடக்க நிமிர்ந்த ஆள் ஒருத்தர் வேணும்" என்றாள். மாமனாரிடம், "மைக் இருக்கு மாமா" என்றாள். இருவரும் விழுந்தார்கள்.

அன்று காலை சம்பந்தி மைக்கைப் பிடித்தார். "எங்க குடும்பத்துல கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஆனா மனசும் நல்லா இருக்கு" என்று தொடங்கி, சர்வேயர் இருந்த திசையை ஒரு பார்வை பார்த்து, "இந்த ஊர்வலம் போற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் எங்க கடையோட உயர்ந்த மெத்தை பத்தோட விலையை நான் கொடுக்கறேன்!" என்றார். கைதட்டல் எழுந்தது. பத்தை இரண்டால் பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் அவர் வாய் திறந்திருந்தார்.

சர்வேயர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் முன்னால் வந்து நின்றார். நிகழ்ச்சியின் முகம் என்பதால் பாப்பாவையும் அவர் கையைப் பிடித்தபடி நிற்க வைத்தார்கள். மனைவிக்கு முழங்கால் வலி, பெயர் எழுதும் மேசையில் உட்கார்ந்துவிட்டாள். புறப்படும்போது அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "நான் வேணா மெதுவா..." என்று எழுந்தாள். "நேர் ரோடு. நடக்கத் தெரியாதா எனக்கு?" என்றார். பின்னால் இருந்த கூட்டத்துக்குத் தொண்டர் ஒருவர் ஒரே ஒரு விதி சொன்னார்: "பெரியவரை யாரும் முந்தக்கூடாது."

முதல் திருப்பம் நோயாளிகள் வார்டுக்கு அடியில் இருந்தது. அங்கே யாரும் சத்தம் போடக்கூடாது என்பதால் பச்சைக்கொடி பிடித்து ஒருவர் நிற்க ஏற்பாடு. நின்றவர் மாப்பிள்ளை, பாப்பாவின் அப்பா. மாமனாருக்கு முன்னால் எப்போதும் அடக்கமாக ஓரத்தில் நிற்கும் நல்ல பிள்ளை. ஊர்வலம் நெருங்கியதும் ஓரமாக நின்றபடியே கொடியை இடப்பக்கம் ஆட்டினார். மாமனார் கழுத்தைக்கூடத் திருப்பாமல் நேரே போனார். அப்பா மைக்கில் பேசிய பேச்சுக்கு மாமா நம்மை அவமானப்படுத்துகிறார் என்று மாப்பிள்ளைக்கு முகம் சுருங்கியது. கூப்பிடுவதா, வேண்டாமா என்று அவர் மானத்தோடு யோசித்துக்கொண்டிருந்தபோது கூட்டம் முழுவதும் அவரைத் தாண்டிப் போய்விட்டது. முந்தக்கூடாது என்றால் முந்தக்கூடாது.

முன்னால் போன இருவரில் ஒருவருக்காவது பக்கம் தெரிந்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

கொஞ்ச தூரம் போனதும் பாப்பா, "தாத்தா, எங்கேயோ திரும்பணும்னு அம்மா சொன்னாங்களே" என்றாள்.

"நிலத்தை அளந்தவனுக்கு நீ வழி சொல்றியா?" என்றார். ஆனால் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. பூங்கா இந்நேரம் வந்திருக்க வேண்டும். நின்று கேட்கலாம். கேட்டால், "கொடி ஆட்டினாரே, பார்க்கலையா?" என்பார்கள். அதைவிட நடப்பது எளிது. முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டார்.

பால்பண்ணைச் சுவர் வந்தது. மரக்கடைகள் வந்தன. பாலம் வந்தது. பாலத்தின் நடுவில் சம்பந்திக்குக் கணக்கு உறைத்தது. கைப்பேசியில் தூரத்தைப் பார்த்தார். வியர்வையைத் துடைத்தார். மறுபடி பார்த்தார். கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஓடி வந்தார். பல மாதத்துக்குப் பிறகு முதல் வார்த்தை பேசினார்.

"சம்பந்தி! எங்க போறீங்க?"

"நடக்கறேன்."

"வழி இது இல்லீங்க! நாலு தாண்டிடுச்சு!"

சம்பந்தி திரும்பச் சொல்கிறார் என்பதாலேயே சர்வேயருக்குத் திரும்ப முடியவில்லை. "கால் வலிச்சா நீங்க உட்காருங்க. உங்களுக்குத்தான் மெத்தை இருக்கே."

"மெத்தை இருக்காது போலிருக்கு சம்பந்தி, இப்படியே போனா!"

பின்னால் வந்தவர்களுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒருவர் "பத்து!" என்று கத்த, மற்றவர்கள் "மெத்தை!" என்று பதில் கொடுத்தார்கள். இந்த முழக்கத்தோடு ஊர்வலம் சாலையின் கடைசிக்குப் போய்ச் சேர்ந்தது. சாலை முடிந்த இடம் பேருந்துப் பணிமனை. வாயிற்கதவு திறந்திருந்தது. சர்வேயர் உள்ளே போனார். ஊரே உள்ளே போனது. பேருந்து கழுவிக்கொண்டிருந்தவர்கள் தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடியே சிலையானார்கள். மேலாளர் சட்டையை உள்ளே செருகிக்கொண்டு ஓடி வந்தார்.

"எதுவா இருந்தாலும் பேசித் தீர்த்துக்கலாம்! கோரிக்கை என்னன்னு சொல்லுங்க!"

"கண்ணு, சார்" என்றார் யாரோ.

"போன மாசம்தானே டிரைவர் எல்லாருக்கும் கண் டெஸ்ட் எடுத்தோம்!"

சர்வேயருக்கு எதிரே சுவர். நேரே போக இனி இடம் இல்லை. முதல் முறையாக நின்றார்.

அதற்குள் மகள் ஸ்கூட்டரில் வந்துவிட்டாள், பின்னால் கொடியும் கையுமாக மாப்பிள்ளை. மகளைப் பார்த்ததும் சம்பந்தி வெடித்தார். "ஏழு! ஏழு கிலோமீட்டர்! எழுபது மெத்தை! இது நடையா? மோசடி! என்னைத் தெருவுல நிறுத்தணும்னே திட்டம் போட்டு நேரா நடந்திருக்காரு. என் பையன் கொடியை ஆட்டறான், இவர் பார்த்துக்கிட்டே போறாரு. அளவுல ஏமாத்தற சர்வேயரை இன்னைக்குத்தான் பார்க்கறேன்!"

பேருந்து கழுவியவர்கள் குழாயை மூடிவிட்டு நெருங்கி வந்தார்கள்.

அளவில் ஏமாற்றுகிறவர். ஒரு சாண் நிலத்துக்காக ஒரு மூட்டை பணத்தை வாசலில் வைத்துவிட்டு ஓடியவனை ஊர் முழுக்கத் துரத்தித் திருப்பிக் கொடுத்தவர் அவர். இப்போது அவருக்கு இரண்டே வழி. "ஆமாம், வேணும்னுதான் போனேன்" என்றால் கண் தப்பிக்கும், பெயர் போகும். பார்க்கவில்லை என்றால் பெயர் தப்பிக்கும், பல வருடம் மனைவி பொத்திப் பொத்தி வைத்தது அத்தனையும் பேருந்துகளுக்கு நடுவில் கொட்டிப்போகும். அதைவிட, கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவளுக்குத் தெரிந்துபோகும், இது யார் கொடுத்தது என்று.

பாப்பாவின் கை வியர்த்திருந்தது. அவர் விடவில்லை.

"பார்க்கலை" என்றார்.

"எதைப் பார்க்கலை?"

"கொடியை. மாப்பிள்ளையை. திருப்பத்தை. எதையும் பார்க்கலை சம்பந்தி. எனக்குப் பக்கத்துல இருக்கறது தெரியாது. இருட்டுல எதுவுமே தெரியாது. இன்னைக்கு நேத்து இல்லை, பல வருஷமா. பொய் அளவு மட்டும் என் கையால எழுதினது கிடையாது" என்றார்.

முதலில் வாய் திறந்தவர் மாப்பிள்ளைதான். "மாமா... அப்போ பன்னிரண்டு வருஷமா நான் வணக்கம் வெச்சப்பல்லாம்..."

"நீங்க எந்தப் பக்கம் நின்னீங்க மாப்பிள்ளை?"

"மரியாதைக்கு ஓரமாத்தான் நின்னேன்."

"மரியாதையா நேரே நின்னிருக்கக் கூடாதா?"

சம்பந்திக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவிக்கொண்டிருந்தது. "அப்போ நோய் உங்க பக்கம்தான்!"

"உங்க பக்கமும்தான் மாமா" என்றாள் மகள். "ரெண்டு பக்கமும் சேராம இது வராது. தொண்டை வத்திப்போச்சு எனக்கு, சொல்லிச் சொல்லி."

"எனக்குத்தான் கண்ணு கழுகு மாதிரி இருக்கேம்மா?"

"உங்களுக்கு ஒண்ணும் செய்யாது. உங்க வழியா கைமாறிப் போகும், அவ்வளவுதான். மெத்தை விக்கறவரு எல்லா மெத்தையிலயும் படுத்துப் பார்த்துட்டா விக்கறாரு?"

சம்பந்திக்கு அவர் பாஷையில் சொன்னது அன்றுதான் முதல் தடவை. புரிந்துவிட்டது.

சர்வேயர் குனிந்து பேத்தியின் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தார். தண்டனைக்குக் காத்திருப்பவர் போல நின்றார்.

"தாத்தா, உங்களுக்கும் என்னை மாதிரியேவா?"

"ஆமாம்மா."

அவள் யோசித்தாள். "அப்போ நம்ம ரெண்டு பேரையும் முன்னாடி நிக்க வெச்சது யாரு?"

பேருந்து கழுவுகிறவர்களில் ஒருவர்தான் முதலில் சிரித்தார். பிறகு மேலாளர். பிறகு சர்வேயரே சிரித்தார், சிரித்துப் பழக்கமில்லாத மனிதர் சிரிப்பது போல, இருமலும் கண்ணீருமாக.

மேலாளர் ஒரு பேருந்து தருவதாகச் சொன்னார். "ஏறுங்க, ஏறுங்க, எல்லாரும் ஏறுங்க!" என்று முதல் ஆளாகப் படியில் கால் வைத்தவர் சம்பந்தி.

"நான் நடந்துதான் வருவேன்" என்றார் சர்வேயர்.

சம்பந்தி படியிலேயே நின்றார். "திரும்பிப் போற தூரமும் சேருமா?"

"கால் என்னோடது, வாக்கு உங்களோடது. நீங்களே பார்த்துக்குங்க."

பாப்பாவோடு பாதிக் கூட்டம் பேருந்தில் ஏறிக்கொண்டது, பெரியவரை முந்தாமல் பின்னாலேயே ஊர்ந்து வர ஏற்பாடு. சர்வேயர் வாயிலை நோக்கித் திரும்பினார். தரையெல்லாம் தண்ணீர் தேங்கிய குழிகள். அவர் முதல் அடி எடுத்து வைக்கும் முன் சம்பந்தி பெருமூச்சு விட்டுக் கீழே இறங்கினார். நேராக வந்து இடப்பக்கம் நின்றார்.

"குழி. இப்படி வாங்க. என் கடையைத்தான் கவுத்தாச்சு, காலையுமா உடைச்சுக்கணும்?"

"எனக்குத் தெரியும்."

"உங்களுக்கு என்ன தெரியும்னு இப்பத்தானே எல்லாருக்கும் தெரிஞ்சுது. ஒதுங்குங்க, லாரி வருது. அந்த லாரியில என் மெத்தைதான் போகுது, ஏலத்துக்கு."

பாலம், மரக்கடை, பால்பண்ணை என்று வழி நெடுக இப்படியே வந்தார்கள். திரும்பி வரும்போது வலப்பக்கமாகிவிட்ட அந்தத் திருப்பம் வந்ததும், "வலது! வலது! இந்தத் தடவையாவது!" என்று சம்பந்தி கத்தியதில் வார்டு ஜன்னல்கள் திறந்தன. வாசலில் மேசையருகே இருந்த மனைவிக்கு ஆள் தெரியும் முன்பே சண்டை கேட்டது. எழுந்து நின்று பார்த்தாள். தன் இடத்தில், அரை அடி முன்னால், மெத்தைக்கடைக்காரர் திட்டிக்கொண்டு வந்தார். எதையும் கேட்காமலே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "அப்பாடா" என்று உட்கார்ந்து, முழங்காலை நீவிக்கொண்டாள்.

சர்வேயர் டாக்டரின் அறைக்குப் போய்ச் சட்டைக் கையை மடித்தார். "அன்னைக்கு ரத்தம் கேட்டீங்களாமே. எடுத்துக்குங்க."

"இருங்க, இருங்க" என்று சம்பந்தியும் கையை மடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். "அவர் மட்டும் எப்படிக் கொடுப்பாரு? பாதி எங்களோடதும்மா. எங்க பக்கத்தை விட்டுட்டு நீங்க எந்த ஆராய்ச்சியும் செஞ்சுட முடியாது. என்னை முதல்ல எடுங்க."

"ஆதாரம் என்கிட்டத்தான் இருக்கு. நான்தான் முதல்ல."

"இவ்வளவு நாள் மறைச்சவர் நீங்க. வரிசையில பின்னாடி நில்லுங்க."

"எல்லைக்கல்லு ரெண்டு நிலத்துக்கும் பொது சம்பந்தி. ஆனா அதை நட்டவன் சர்வேயர்."

அதிகம் சிரிக்காத டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இன்னொரு நாற்காலி கொண்டாங்க" என்றார். இருவருக்கும் ஒரே நேரத்தில் ரத்தம் எடுக்கப்பட்டது. யாருடைய குப்பி முதலில் நிறைந்தது என்பதில் இரண்டு குடும்பத்துக்கும் இன்றைக்கும் கருத்து வேறுபாடு உண்டு.

நர்ஸ் பழச்சாறு கொண்டுவந்து பக்கத்துப் பலகையில் வைத்தாள். சர்வேயரின் முழங்கை பட்டுக் கோப்பை கவிழ்ந்தது. "யாரு இதை இங்க..." என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்தவர், நிறுத்திக்கொண்டார். கழுத்தை முழுவதும் திருப்பி அவளைப் பார்த்தார். "மன்னிச்சுக்கம்மா. இந்தப் பக்கம் எனக்குத் தெரியாது. நேரே வெச்சுடு" என்றார். அதைச் சொல்ல அவ்வளவு ஒன்றும் நேரமாகவில்லை.

அப்போது மாப்பிள்ளை அறைக்குள் வந்தார். வழக்கம்போல ஓரமாகப் போகப் பார்த்து, நின்று, நடந்து வந்து, மாமனாரின் மூக்குக்கு நேரே இரண்டு கையையும் கூப்பினார்.

"வணக்கம் மாமா."

ஊசி குத்திய இடத்தில் மாமனாரின் கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. சர்வேயர் அதைப் பொருட்படுத்தாமல் எழுந்து நின்று, முதுகை நிமிர்த்தி, கை கூப்பினார். "வணக்கம் மாப்பிள்ளை."

பக்கத்து நாற்காலியிலிருந்து சம்பந்தியின் குரல் வந்தது. "ஒண்ணுதானா? பன்னிரண்டு வருஷத்து மீதி?"